நஞ்சுக்கொடி நன்றாக வேலை செய்கிறதா? ஈஸ்ட்ரியால் முதல் டாப்ளர் வரை ஓர் ஒப்பீடு

"அக்கா, ஈஸ்ட்ரியால் டெஸ்ட் இங்க எடுப்பீங்களா?"

தருமபுரியில் நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு, ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை, பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் கேட்டது இது. தலைப்பிரசவம், 32 வாரம். கிராம சுகாதார செவிலியர் டேப் வைத்து வயிற்றை அளந்திருக்கிறார். 29 செ.மீ.தான் வந்திருக்கிறது. "வயிறு கொஞ்சம் சின்னதா இருக்கு, பிரஷரும் கொஞ்சம் ஏறியிருக்கு, ஜி.எச்.சுக்குப் போய் டாக்டரைப் பாரு" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். அன்று இரவு முழுக்க அவள் போனில் தேடியிருக்கிறாள். நஞ்சு, அதாவது கருப்பையில் குழந்தைக்கு உணவும் மூச்சுக்காற்றும் கொடுக்கும் நஞ்சுக்கொடி, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஈஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரஜன் ஹார்மோனின் அளவை எடுப்பார்கள் என்று எங்கேயோ படித்திருக்கிறாள். அதை எடுத்துக்கொண்டே டாக்டரிடம் போகலாம் என்று நேராக எங்களிடம் வந்துவிட்டாள்.

கூட வந்த மாமியார் குரலைத் தாழ்த்தி இன்னொன்று கேட்டார். "அது பொம்பளை ஹார்மோனாமே. ஜாஸ்தியா இருந்தா பொண்ணு, கம்மியா இருந்தா பையனாம்மா?"

"இல்லீங்கம்மா. இதை வச்சு அதெல்லாம் தெரியாது. தெரிஞ்சாலும் சொல்றது குத்தம்" என்றேன். நம் மாவட்டத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு கனம் உண்டு. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் ஏன் வந்தது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கீழே வரும் எந்தப் பரிசோதனையும் ஆணா பெண்ணா என்று பார்ப்பதற்கானது அல்ல.

அந்தப் பெண் படித்தது பொய்யில்லை, ஆனால் பழசு. 1960களிலும் 70களிலும் பெரிய ஆஸ்பத்திரிகளில் நஞ்சின் திறனை அளக்க ஈஸ்ட்ரியால்தான் முக்கியமான வழி. இன்று அதே கேள்விக்கு வேறு வழிகள் வந்துவிட்டன. சிகிச்சை முடிவு டாக்டருடையது. ஆனால் எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எங்கே ஏமாற்றும் என்பது ஆய்வகத்தில் 20 வருடங்களுக்கு மேல் நிற்கிற எனக்குத் தெரியும். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஈஸ்ட்ரியால் என்பது ஈஸ்ட்ரஜன் குடும்பத்தில் ஒன்று. கர்ப்பம் இல்லாதபோது உடலில் அது மிகச் சொற்பம். கர்ப்பத்தில் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போகும். அதைத் தாய் தனியாகச் செய்வதில்லை, நஞ்சும் தனியாகச் செய்வதில்லை. குழந்தையின் சிறுநீரகத்துக்கு மேலே உள்ள அட்ரினல் சுரப்பி மூலப்பொருளைச் செய்கிறது. குழந்தையின் கல்லீரல் அதில் ஒரு மாற்றம் செய்து கொடுக்கிறது. நஞ்சு அதை வாங்கி ஈஸ்ட்ரியாலாக முடித்துத் தாயின் ரத்தத்தில் விடுகிறது. கடைசியில் அது தாயின் சிறுநீரில் வெளியே வருகிறது. மாதம் முற்றும்போது தாயின் உடம்பில் இருக்கும் ஈஸ்ட்ரியாலில் சுமார் 90 சதவீதத்தின் மூலப்பொருள் குழந்தை கொடுத்தது. குழந்தையும் நஞ்சும் சேர்ந்து ஒரே பட்டறையாக இயங்குவதை ஸ்டாக்ஹோமில் ஆராய்ச்சி செய்த எகோன் டிட்ஸ்ஃபலூஷி விளக்கிக் காட்டினார். தாயின் மூத்திரத்தை வைத்தே உள்ளே இருக்கும் குழந்தையின் நிலையை அறியலாம் என்பது, ஸ்கேன் இல்லாத காலத்தில் எவ்வளவு பெரிய நம்பிக்கையாக இருந்திருக்கும்! அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

நடைமுறையில்தான் சிக்கல். அன்று அளந்தது 24 மணி நேரச் சிறுநீரில். இதன் கஷ்டம் எங்களுக்கு இன்றும் பழக்கம்தான், ஏனென்றால் பிரஷர் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு உப்பு (பேச்சில் உப்பு என்றாலும் உண்மையில் அது புரதம்) எவ்வளவு போகிறது என்று பார்க்க அதே 24 மணி நேரக் கேனைச் சில டாக்டர்கள் இன்னும் கேட்கிறார்கள். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு சொட்டு விடாமல் கேனில் பிடித்து, மறுநாள் காலை முதல் சிறுநீரோடு முடிக்க வேண்டும். பென்னாகரத்திலிருந்து ஒரு அம்மா கேனைத் துணிப்பைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். மூடியைத் திறந்தபோது அரை லிட்டர்கூட இல்லை. கேட்டால், "வயக்காட்டுக்குப் போனப்ப கேன் எடுத்துட்டுப் போகலம்மா" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தக்காளி பறிக்கப் போகிறவர் கேனைத் தூக்கிக்கொண்டா போவார்? ஆனால் அந்தக் கேனில் ஈஸ்ட்ரியாலை அளந்திருந்தால், உள்ளே நஞ்சு நன்றாகவே இருந்தாலும், ரிப்போர்ட்டில் பாதி அளவுதான் வந்திருக்கும்.

சரி, ரத்தத்தில் அளந்தால்? கேன் பிரச்சினை போய்விடும். ஆனால் ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் அளவு ஏறி இறங்கும். ஆரோக்கியமான இரண்டு பெண்களுக்கு ஒரே வாரத்தில் ஒருவருக்கு இன்னொருவரைப்போல் இரண்டு மடங்கு இருக்கலாம். ஒரு தடவை எடுத்த எண்ணுக்குப் பொருளே இல்லை. அடுத்தடுத்து எடுத்து, திடீரென்று இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம், நஞ்சுக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களால் ஈஸ்ட்ரியால் இறங்கும். மூத்திரக் கடுப்புக்கு ஆம்பிசிலின் கொடுத்தால் சிறுநீர் ஈஸ்ட்ரியால் குறைந்துவிடும். பித்தநீர் வழியாகக் குடலுக்குள் வரும் ஈஸ்ட்ரியாலைக் குடலில் உள்ள நுண்ணுயிரிகள் பிரித்துக் கொடுத்தால்தான் அது மறுபடி ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்துக்குப் போகும். மருந்து அந்த நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடுவதால் மலத்தோடு போய்விடுகிறது. குழந்தை முன்கூட்டியே பிறந்துவிடும் என்ற பயத்தில், நுரையீரல் முதிரட்டும் என்று தாய்க்கு டெக்சாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ ஊசி போடுவார்கள் இல்லையா? அந்த மருந்து நஞ்சைத் தாண்டிப் போய்க் குழந்தையின் அட்ரினலைக் கொஞ்ச நாள் அடக்கிவிடும், ஈஸ்ட்ரியால் சரியும். எந்தத் தாய்க்கு இந்தப் பரிசோதனை மிகவும் தேவையோ, அவருக்குத்தான் அந்த ஊசியும் போடப்படும். இன்னும் ஒன்று. சில ஆயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு, நஞ்சில் சல்ஃபடேஸ் என்ற நொதி பிறவியிலேயே இருக்காது. அந்தத் தாயின் ஈஸ்ட்ரியால் கிட்டத்தட்ட இல்லை என்று வரும். குழந்தையோ நல்ல எடையோடு பிறக்கும். பின்னாளில் தோல் மீன் செதில் மாதிரி உலர்ந்திருப்பதுதான் அதன் அடையாளம்.

இதெல்லாம் தெரிந்தும் பரிசோதனை உதவியதா? அமெரிக்காவில் 1976இல் வெளியான ஓர் ஆய்வில், சிக்கலான கர்ப்பம் உள்ள 622 பெண்களின் ரத்தத்தில் ஈஸ்ட்ரியாலை அளந்தார்கள். ஒரு பகுதியினரின் அளவை டாக்டர்களிடம் காட்டினார்கள், மற்றவர்களுடையதை மறைத்து வைத்தார்கள். காட்டிய பக்கம் குழந்தை இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை. ஆஸ்பத்திரிப் பதிவு எண்ணை வைத்துப் பெண்களைப் பிரித்தது அந்த ஆய்வின் குறை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் ஈஸ்ட்ரியால் உயிர் காத்தது என்று காட்ட அதைவிட நல்ல ஆய்வு எதுவும் பிறகு வரவில்லை.

அதனால் நஞ்சின் திறனை அறிய ஈஸ்ட்ரியால் எடுப்பது வழக்கொழிந்தது. இன்று எங்கள் பட்டியலில் அந்தப் பெயர் இருப்பது வேறு வேலைக்கு. நான்காம் ஐந்தாம் மாதத்தில் டவுன் நோய்க்கூறு போன்றவற்றின் வாய்ப்பைக் கணக்கிடும் குவாட்ரபிள் பரிசோதனையில் அது ஒரு பங்கு. நான்கு அளவுகளையும் தாயின் வயது, எடை, வாரத்தோடு சேர்த்துத்தான் கணக்கு வரும். "ஈஸ்ட்ரியால் குறைவு" என்ற ஒற்றை வரியை மட்டும் பார்த்துவிட்டு, நஞ்சு கெட்டுப்போச்சு என்று அழுதுகொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிக்கு அந்தப் பொருள் கிடையாது.

ஈஸ்ட்ரியாலோடு போட்டியிட்ட இன்னொரு ரத்தப் பரிசோதனை, நஞ்சே செய்யும் லாக்டோஜென் ஹார்மோன். குழந்தையின் பங்கு இல்லாமல் நஞ்சு மட்டும் செய்வதால் இது நேரடியான சாட்சி என்று நினைத்தார்கள். அதுவும் நிற்கவில்லை. நஞ்சின் பருமனைத்தான் அது அதிகம் சொன்னது, குழந்தை தவிப்பதைச் சொல்லவில்லை.

இனி இன்றைய வழிகள்.

டேப் அளவு. 24 வாரத்துக்குப் பிறகு, அடிவயிற்றுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பிலிருந்து கருப்பையின் உச்சி வரை எத்தனை செ.மீ.யோ, கிட்டத்தட்ட அத்தனை வாரம். இரண்டு மூன்று செ.மீ. பின்தங்கினால் சந்தேகம். சித்தேரி மலையிலும் அஞ்செட்டிக்கு உள்ளே இருக்கும் ஊர்களிலும் செவிலியரின் கையில் இருக்கும் கருவி இதுதான். பருமனான பெண்ணுக்கும், குழந்தை குறுக்கே கிடந்தாலும் தப்பாகக் காட்டும். ஆனால் சந்தேகத்தை எழுப்பிக் கீழே அனுப்பிவைக்கும். அந்த வேலைக்கு இதுவே போதும்.

குழந்தையின் அசைவை எண்ணுவது. எங்கள் அத்தை பத்துப் புளியங்கொட்டையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்வார். சாப்பிட்டதும் இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கொட்டையை டம்ளரில் போட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பத்தும் விழுந்துவிட வேண்டும். டாக்டர்கள் சொல்வதும் இதே கணக்குதான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: எல்லாப் பெண்களையும் முறையாக எண்ண வைத்தால் குழந்தை இறப்பு குறையும் என்பது நிரூபணம் ஆகவில்லை. 1989இல் 68,000க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து வெளியான ஆய்விலும் குறையவில்லை. 2018இல் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் நடந்த பெரிய ஆய்விலும் இறப்பில் தெளிவான வித்தியாசம் வரவில்லை, சிசேரியன்தான் கூடியது. எனவே தினமும் எண்ணி எண்ணிப் பயந்து சாக வேண்டாம். அதே சமயம், நேற்று வரை துள்ளிய பிள்ளை இன்று மந்தமாக இருக்கிறது என்று தாய்க்குத் தோன்றினால், அதை எந்த ஆய்வைக் காட்டியும் தள்ளிவைக்கக் கூடாது. விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிட்டுக் கிளம்ப வேண்டும்.

என்.எஸ்.டி. என்று சொல்லும் இதயத்துடிப்புப் பட்டை, வயிற்றில் பெல்ட் கட்டி இருபது நிமிடம் எடுப்பது. குழந்தை அசையும்போது துடிப்பு நிமிடத்துக்கு 15 எண்ணிக்கை ஏறி 15 நொடியாவது நிற்க வேண்டும், அப்படி இரண்டு தடவை வந்தால் நல்லது. இது இந்த நேரத்தில் குழந்தை எப்படி இருக்கிறது என்பதைச் சொல்லும். அடுத்த வாரம் நஞ்சு தாங்குமா என்று சொல்லாது. "என்.எஸ்.டி. நார்மல்" என்று ஒரு தாளை வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருப்பது தவறு.

இப்போது டாப்ளர், அதாவது ரத்தம் ஓடும் விதத்தைக் காட்டும் ஸ்கேன். நஞ்சின் வேலையைப் பார்க்க இன்று எனக்கு மிகவும் நம்பிக்கையான வழி இதுதான். ஈஸ்ட்ரியால் ஆய்வு வெளியான அடுத்த வருடம், 1977இல், டப்ளினிலிருந்து தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தை ஒலி அலையால் பதிவு செய்த முதல் கட்டுரை வந்தது. ராயக்கோட்டைப் பக்கம் தக்காளிக்குச் சொட்டுநீர் போட்டவர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். சொட்டுவான்கள் திறந்திருந்தால், மோட்டார் தள்ளும்போதும் தண்ணீர் போகும், தள்ளலுக்கு நடுவே ஓயும் நொடியிலும் ஒழுகிக்கொண்டே இருக்கும். உப்புத் தண்ணீரால் சொட்டுவான்கள் அடைத்துக்கொண்டால், தள்ளும்போது மட்டும் போகும், நடுவில் நின்றுவிடும். ரொம்ப அடைத்தால் பின்னால் திரும்பும். குழந்தையின் இதயம்தான் மோட்டார், தொப்புள்கொடித் தமனி குழாய், நஞ்சுக்குள் இருக்கும் நுண்குழாய்கள் சொட்டுவான்கள். டாப்ளர் திரையில் ரம்பப் பல் போல மேடும் பள்ளமும் தெரியும். பள்ளத்தின் அடியிலும் ஓட்டம் இருந்தால் நல்லது. பள்ளம் அடிக்கோட்டைத் தொட்டுக் காலியாக இருந்தால் நஞ்சின் பெரும்பகுதி போய்விட்டது. கோட்டுக்குக் கீழே இறங்கினால் ரத்தம் திரும்புகிறது, மிக அவசரம்.

ஈஸ்ட்ரியாலிலிருந்து இது வேறுபடும் இடம் இங்கேதான். காலியான பள்ளம் தெரிந்தால் மற்றவை நன்றாக இருந்தாலும் 33, 34 வாரத்தில் பிரசவம், திரும்பும் ஓட்டம் என்றால் 30 முதல் 32 வாரத்துக்குள் என்று டாக்டர்களுக்கு ஒரு நடைமுறை இருக்கிறது. அதாவது ரிப்போர்ட் கையில் வந்தால் அடுத்து என்ன என்பது தெரியும். 2017இல் வெளியான தொகுப்பாய்வு, 10,667 பெண்கள் பங்கேற்ற 19 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. சிக்கல் உள்ள கர்ப்பங்களில் டாப்ளர் பார்க்காத பக்கம் ஆயிரத்துக்கு 17 குழந்தைகள் இறந்தால், பார்த்த பக்கம் 12. சிசேரியனும் கொஞ்சம் குறைவு. ஆயிரத்துக்கு ஐந்து என்பது சிறிய எண்ணாகத் தெரியலாம். தொட்டில் துணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்ட ஒரு வீட்டுக்குள் போயிருக்கிறேன். எனக்கு அது சிறிய எண் இல்லை.

டாப்ளருக்கும் எல்லை உண்டு. எந்தச் சிக்கலும் இல்லாத கர்ப்பத்தில் வழக்கமாக எடுப்பதால் பலன் தெரியவில்லை. 34 வாரத்துக்குப் பிறகு, தொப்புள்கொடி ஓட்டம் நார்மலாக இருக்கும்போதே குழந்தை இளைக்கக்கூடும், அப்போது குழந்தையின் மூளைக்குப் போகும் தமனியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அதைப் பார்க்கத் தெரிந்த கையும் வேண்டும். தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கிருஷ்ணகிரிக்குப் போலுப்பள்ளி, ஓசூர் என்று போகலாம். ஆனால் அஞ்செட்டியிலிருந்தோ கோட்டப்பட்டியிலிருந்தோ வருகிறவருக்கு அது ஒரு நாள் கூலியும் பஸ் செலவும். வாசலிலேயே வந்து பார்க்கிறோம் என்று காரில் மிஷினோடு சுற்றுகிறவர்கள் நஞ்சைப் பார்க்க வரவில்லை, அவர்களிடம் வயிற்றைக் காட்டாதீர்கள். பதிவு பெற்ற மையத்தில் அடையாள அட்டை கேட்டுப் படிவம் நிரப்பச் சொல்வது தொந்தரவுக்கு அல்ல, சட்டம் அப்படி.

ரத்தப் பரிசோதனை என்ற பழைய ஆசை முழுதாகச் செத்துவிடவும் இல்லை. நஞ்சு உண்டாக்கும் பி.எல்.ஜி.எஃப். என்ற வளர்ச்சிக் காரணியையும், அதைப் பிடித்துக் கட்டிப்போடும் இன்னொரு புரதத்தையும் விகிதமாகப் பார்க்கும் முறை வந்திருக்கிறது. 2016இல் வெளியான ஆய்வின்படி விகிதம் 38க்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்குள் பிரஷரும் உப்பும் சேர்ந்து வரும் ப்ரீ-எக்லாம்ப்சியா என்ற கர்ப்ப கால வியாதி வர வாய்ப்பு மிகக் குறைவு. ஈஸ்ட்ரியாலைப்போல் குழந்தையின் அட்ரினல், கல்லீரல் என்று சுற்றிக்கொண்டு வராமல், கெட்டுப்போன நஞ்சே விடும் சைகையை இது பிடிக்கிறது. ஆய்வகக்காரியாக இதில் எனக்கு ஆர்வம் அதிகம். ஆனால் நம் பக்கத்தில் மாதிரியைப் பெரிய ஊருக்கு அனுப்பித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, செலவும் கூட. அது எளிதாகக் கிடைக்கும் வரை பிரஷர் மிஷினையும் சிறுநீரில் உப்பு பார்க்கும் பட்டையையும்தான் முதலில் நம்புவேன்.

பாலக்கோட்டுப் பெண்ணிடம் காசு வாங்கவில்லை. "ஈஸ்ட்ரியால் வேணாம்மா. இன்னைக்கே ஜி.எச்.சுக்குப் போய் டாப்ளர் வேணுமான்னு டாக்டரைக் கேளு. முதல் ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தா கட்டாயம் எடுத்துட்டுப் போ" என்று மட்டும் சொன்னேன். ரிப்போர்ட் அம்மா வீட்டில் இருந்தது. மாமியார் முகம் சுளிக்காமல் அவரே மகனுக்குப் போன் போட்டு, காரிமங்கலம் போய் எடுத்துவரச் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்து ரத்த அளவு பார்க்க மறுபடி வந்தாள். பிரஷர் இருந்ததால் டாப்ளர் எடுத்திருக்கிறார்கள், ஓட்டம் நன்றாக இருந்திருக்கிறது. உப்பும் இல்லை. அம்மா வீட்டு ரிப்போர்ட்டைப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. அவளுக்கு மாதவிலக்கு தள்ளித் தள்ளி வரும். 9 வாரத்தில் எடுத்த ஸ்கேன் கணக்குப்படி, எங்களிடம் வந்த அன்று அவளுக்கு 32 வாரம் ஆகவே இல்லை, 30தான். 30 வாரத்துக்கு 29 செ.மீ. சரியான அளவு. அன்று நான் ரத்தம் எடுத்து அனுப்பியிருந்தால், 30 வாரத்து ஈஸ்ட்ரியாலை 32 வாரத்து அட்டவணையில் வைத்துப் பார்த்து, குறைவு என்று சொல்லியிருப்போம்.

அந்த 9 வார ஸ்கேன் தாளை இப்போது தாய் சேய் அட்டையோடு பின் அடித்து வைத்திருக்கிறாள். பிரஷருக்காகப் பத்து நாளுக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்களாம்.